மூணாவது உசுரு

பூங்குழலி திரும்புவதை விட்டுவிட்டாள் என்பதை அத்தாயி புதன்கிழமை காலை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தாள். அலமாரியிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து வரச் சொன்னாள். பிள்ளை எடுத்தது. எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பாமல் பின்கதவு வழியாக வெளியே போய், வீட்டை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றி, முன்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்து டப்பாவை நீட்டியது. நாலு எட்டில் முடிகிற காரியத்துக்கு நாற்பது எட்டு.

“இதென்ன கண்ணு, கோயில் சுத்தறாப்புல?” என்று அத்தாயி சிரித்தாள். கோயிலை யாரும் அந்தப் பக்கமாகச் சுற்றுவதில்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பிள்ளை டப்பாவை அவள் மடியில் வைத்தது. மறுபடி பின்கதவு வழியாகப் போய்விட்டது.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதுதான் விளையாட்டு இல்லை என்று அவளும் விட்டுவிட்டாள். இந்த மட்டுக்கும் அந்தப் பெட்டி தொலைந்ததே, அது போதும்.

பெட்டியைக் கொண்டுவந்தது அவள் புருஷன் சின்னுசாமி. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் அவனுக்கு வேலை. வருஷத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். அந்த இரண்டாயிரத்து இரண்டு தீபாவளிக்கு வந்தவன், நாக்பூரில் ரோட்டோரத்தில் வாங்கியது என்று கையகலச் சாம்பல் நிற வீடியோ கேம் ஒன்றை மகளிடம் கொடுத்துவிட்டு, நாலாம் நாள் செம்மேட்டில் பஸ் ஏறி மலையிறங்கிவிட்டான். உள்ளே ஒரே ஆட்டம்தான். உடம்பெல்லாம் கறுப்புத் துணி சுற்றிக் கண்ணை மட்டும் விட்டுவைத்த ஓர் ஆள் மூங்கில் காட்டில் ஓடுவான், தாவுவான், எதிர்ப்பட்டவனைக் கத்தியால் வெட்டுவான். நிஞ்சா என்றாள் பூங்குழலி. களவாணி மாதிரி இருக்கிறான் என்றாள் அத்தாயி.

அவன் வலப்பக்கம் மட்டும்தான் போவான். கடந்த மூங்கிலும் கடந்த பாறையும் பெட்டிக் கண்ணாடியின் இடது ஓரத்தில் நழுவி மறைந்தால் மறைந்ததுதான். திரும்பிப் போக வழியில்லை. அவனுக்கு மூன்று உசுரு. மூன்றாவது ஸ்டேஜில் இடது ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று துரத்திக்கொண்டு வரும். நின்றால் நசுக்கிவிடும். ஓடினால் ஒரு பள்ளம் வரும். அந்தப் பள்ளத்தைப் பூங்குழலி ஒருநாளும் தாண்டவில்லை.

பெட்டிக்கு உள்ளே வெளிச்சம் கிடையாது, பகல் வெளிச்சம் விழுந்தால்தான் படம் தெரியும் என்பதால் பிள்ளை வெயில் போகிற பக்கமெல்லாம் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் போகவில்லை. சோறு இறங்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. தூக்கத்திலும் கட்டைவிரல்கள் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தன.

பக்கத்துக் காட்டு ராமாயி அக்காள்தான் யோசனை சொன்னாள். “காத்து கருப்பு அண்டியிருக்குது புள்ள. அந்தப் பெட்டியையே சுத்திக் கழிச்சு, கொண்டை ஊசி வளைவுல தூக்கிப் போட்டுரு. வாரப்பத் திரும்பிப் பாக்கக் கூடாது, ஆமா.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அத்தாயி பிள்ளையை மேல்வளைவுக்கு இழுத்துப் போனாள். ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த கையிலிருந்தே பெட்டியைப் பிடுங்கினாள். பிள்ளையின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் வீசினாள். பிள்ளை அழும் என்று நினைத்தாள். அழவில்லை.

“கடைசி உசுரும்மா. நான் நடுவுல இருக்கறேன்” என்று மட்டும் சொன்னது.

“நட. திரும்பிப் பாக்காம நட.”

பிள்ளை நடந்தது. பத்தடி தள்ளி வந்த பிறகு பள்ளத்துக்குள்ளிருந்து அந்த ஆட்டத்தின் பாட்டு கேட்டது, கீச்சென்று, நிற்காமல். அவ்வளவு ஆழத்தில் விழுந்தது உடைந்திருக்க வேண்டாமா? அத்தாயி ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சுவருக்கு மேலே மலை மஞ்சு வெண்புகையாக லேசாக எழும்பியிருந்தது, வேறு ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவளை எழுப்பியது ஒரு சத்தம். அரிசி குத்துகிற மாதிரி, ஆனால் மெதுவாக, ஒரே சீராக. கூரையில் பனி சொட்டுகிறதோ என்று கொஞ்ச நேரம் படுத்தபடியே கேட்டாள். அணைந்த அடுப்பின் சாம்பல் வாசனையும் மூலையில் குவித்திருந்த குச்சிக்கிழங்கின் ஈர மண் வாசனையும் கலந்து வந்தன, அவற்றுக்குள்ளே அந்தத் தப், தப், தப். எழுந்து பார்த்தாள். பின்கதவின் தாழ்ப்பாளை அவளே ராத்திரி போட்டிருந்தாள். பூங்குழலி மூடிய கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உடம்பு நகரவில்லை. கால்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன.

அத்தாயி கதவைத் திறந்ததும் பிள்ளை ஒன்றுமே நடக்காதது போல வெளியே போனது. கால் விரல்கள் தேய்ந்து கதவின் அடியில் சிவப்பாகத் தடம் இருந்தது.

அத்தாயி ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டது. உடம்பு ஓடைத் தண்ணீர் போலச் சில்லிட்டது. மூச்சு இல்லை. மார்பில் கை வைத்துப் பார்த்தாள், அங்கேயும் ஒன்றுமில்லை. பதறிப்போய்க் கையை எடுத்தாள்; பிள்ளை பழையபடி முன்னால் திரும்பியதும் மூச்சு வந்தது.

“பின்னாடி ஒண்ணும் இல்லம்மா” என்றாள் பூங்குழலி, தாய்க்குப் பாடம் சொல்வது போலப் பொறுமையாக. “திரும்புனா நான் எங்க நிக்கறது?”

அன்று முழுக்க அத்தாயி பிள்ளையின் பின்னாலேயே வீட்டைச் சுற்றினாள். சோற்றை நடையிலேயே ஊட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. பஸ் எழுபது வளைவிலும் திரும்பித் திரும்பி இறங்குமே என்று நினைத்ததும் அதை விட்டுவிட்டாள். பொழுது சாய்ந்ததும் பிள்ளை பாயில் படுத்தது. படுத்தும் கால் நிற்கவில்லை. அந்தக் கால்களைத் தன் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அத்தாயி அழுதாள். பெற்றது ஒன்றே ஒன்று, அதையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அழுதாள்.

“ஆத்தா, என் உசுரை எடுத்துக்க. எம்புள்ளையை விட்டுரு.”

பிள்ளை தூங்கவில்லை. கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. பாதியில் பிடுங்கியதுதானே தப்பு. வளைவுக்குப் போய், பள்ளத்தில் இறங்கி, பெட்டியைத் தேடி எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டால்? ஆட்டத்தை முடிக்கட்டும். முடித்தால் விட்டுவிடும்.

மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது. சாமைக் காடு தெரியவில்லை, மிளகுக் கொடி ஏறிய மரங்கள் இடுப்புக்கு மேலே தெரியவில்லை. பிள்ளையைக் கண்ணைவிட்டு அகலவிடக் கூடாது என்று அத்தாயி முன்னால், பிள்ளையைப் பார்த்தபடி, பின்னோக்கி நடந்தாள், இரண்டு கையாலும் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. அப்படி நடந்ததால்தான் பிள்ளைக்குப் பின்னால் இருந்ததை அவள் பார்க்க நேர்ந்தது.

வீடு முதலில் மறைந்தது. மஞ்சில் வீடு மறைவது புதிதில்லை. கோழிக்கூண்டைத் தாண்டினார்கள். கூண்டுக்குள் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன, பிள்ளை தாண்டியதும் கூண்டு வெள்ளையாயிற்று, சத்தம் நின்றது. தூரமாகித் தேயவில்லை. நின்றது. அத்தாயி காது கொடுத்தாள். இலையிலிருந்து சொட்டுகிற நீர்கூட முன்பக்கம் மட்டும்தான் சொட்டியது.

அது மஞ்சுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மஞ்சுக்கு ஈர வாசனை உண்டு, முகத்தில் பட்டால் ஜில்லென்று இருக்கும். இதில் வாசனையே இல்லை.

எதிரே செருப்புச் சத்தம் கேட்டது. ராமாயி அக்காள். தலையில் விறகுக் கட்டோடு மஞ்சுக்குள்ளிருந்து வந்தாள்.

“ஏ அத்தாயி, இந்நேரத்துக்கு எங்க புள்ளையக் கூட்டிட்டு?”

“வளைவு வரைக்கும் போயிட்டு வாரேங்க்கா. அக்கா, அந்தப் பக்கம் போகாதீங்க.”

“ஊட்டுக்குப் போகாம? ஊட்டுக்காரன் காப்பித் தண்ணிக்குக் கத்திட்டு இருப்பான்.” ராமாயி சிரித்துக்கொண்டே அவர்களைத் தாண்டினாள். “நல்லா நடக்க வெக்கறே புள்ளைய. நடந்தா ஒடம்புக்கு நல்லது. நானெல்லாம் இந்த வயசுல புளியஞ்சோலைக்கே எறங்கி—”

பேச்சு அந்த இடத்தில் அறுந்தது. ரேடியோவை அணைத்த மாதிரி. விறகுக் கட்டின் பின்முனை மட்டும் ஒரு நொடி வெள்ளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, பிறகு அதுவும் இல்லை.

“அக்கா.”

விறகு கீழே விழுந்த சத்தம் இல்லை. செருப்புச் சத்தம் இல்லை.

“அக்காவ்.”

“கூப்புடாதம்மா. அவிய முடிஞ்சுட்டாங்க” என்றாள் பூங்குழலி. “வெரசா நட. கிட்ட வந்துருச்சு.”

கிட்டத்தான் வந்திருந்தது. பிள்ளையின் பின்னலுக்கு ஒரு முழம் பின்னால் பாதை இல்லை. அத்தாயி திரும்பிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். குச்சிக்கிழங்குக் காடு. ஓடை. ரோடு. தார் ரோட்டில் கால் பட்டதும் அந்தப் பாட்டு கேட்டது. பள்ளத்துக்குள்ளிருந்து. மூன்று நாளாக ஓயாத பாட்டு. இப்போது வேகமாக ஓடியது.

ரோடு வளைந்தது. பிள்ளை வளையவில்லை. நேராகக் கைப்பிடிச் சுவருக்குப் போனாள். சுவரில் வயிறு முட்டியது. கால்கள் நடந்துகொண்டேயிருந்தன.

அத்தாயி பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். “நில்லு சாமி. நான் எறங்கி எடுத்தாரேன். நில்லு.”

“நின்னா நசுக்கிரும்மா.”

“திரும்பு. நான்தானே திரும்பாதேன்னேன், இப்ப நானே சொல்றேன். திரும்பிப் பாரு கண்ணு.”

“நீ திரும்பிப் பாத்தியல்ல.” குரலில் கோபம் இல்லை. “நீ பாத்தப்பதான் அது மேல ஏறி நம்ம பின்னாடி வந்துச்சு.”

அத்தாயி பிடியை இறுக்கினாள். குதிகாலுக்குக் கீழே ரோடு இல்லாதது போலிருந்தது. குனிந்து பார்க்க மனம் வரவில்லை. சுவருக்கு அப்பால் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் மஞ்சுக்குள் ஒரு பாறை விளிம்பு. அங்கே எந்தக் காலத்திலும் பாறை இருந்ததில்லை. அதன்மேல் ஒன்று நின்றிருந்தது. கறுப்பாக. கண் மட்டும்.

“எனக்கு ஒண்ணுதான் மிச்சம்மா. தாண்டாட்டி அவ்வளவுதான்.” பிள்ளையின் கன்னம் ஈரமாக இருந்தது, மூன்று நாளில் முதல் தடவையாக அழுகிறாள். “நீ உன்னோடது தாரேன்னு சொன்னேல்ல.”

பாட்டு.

“நீ மொதல்ல தாண்டிப் பாரும்மா. எங்க மிதிச்சுத் தாவறதுன்னு நான் பாத்துக்கறேன். நீ விழுந்தாலும் எனக்கு ஒண்ணு இருக்கும்.”

வேறு வழி இருந்ததா என்று அத்தாயி தேடினாள். இடப்பக்கம் வெள்ளை. ரோடு வெள்ளை. குதிகால் மரத்துவிட்டது, மரப்பு கெண்டைக்கால்வரை ஏறிவிட்டது. பின்னால் தொங்கிய முந்தானையின் நுனி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

சுவர் ஈரமாக இருந்தது. முதலில் ஒரு கால். பிறகு அடுத்தது. மேலே ஏறி நின்றாள். அவள் சொல்லாமலே கால்கள் நடக்க ஆரம்பித்தன, நின்ற இடத்திலேயே, பாட்டுக்குத் தகுந்தபடி. தப். தப். தப்.

முதுகில் சின்னக் கை ஒன்று பதிந்தது. தள்ளவில்லை. தாளம் பார்த்துக் காத்திருந்தது.