வேணாம்னு சொன்ன ஆயா!

"ஐயோ... எம் புள்ளைய காணோம்!"

செங்கல்பட்டில் அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியே ஜெனிஃபரின் அலறலில் அதிர்ந்தது.

தொட்டில் காலி! நேற்றுப் பிறந்த பெண் குழந்தை.

அவளுடைய கணவன் கலைவாணன் ஆயா தனகோடியை நோக்கிக் கையை நீட்டினான்.

"இவதான் மேடம்! காலைல டிப்ஸ் கேட்டு சண்ட போட்டா. தரலன்னதும் மொறைச்சிகினு போனா!"

தகவல் கேட்டு வந்திருந்த இன்ஸ்பெக்டர் தெய்வநாயகி விசாரிக்கவில்லை. அறைந்தார்.

பளார்!

தனகோடியின் உதடு கிழிந்தது.

"அடிக்காத மேடம்! கேட்டது நெசந்தான். புள்ள பொறந்தா கேக்காம இருப்பமா? அதுக்குனு புள்ளையவா தூக்குவேன்?"

"வேற யாருடி தூக்குனது?"

ஜெனிஃபர் தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"வேற ஒரு ஆயா வந்தாங்க மேடம். நீலப் பொடவ. எடை பாக்கணும்னு எடுத்துனு போனாங்க... நூறு ரூபா நீட்டுனேன். வேணாம்மா, நல்லா இருன்னாங்க."

தனகோடி வாயைப் பிளந்தாள்.

"இன்னா... வேணாம்னாளா?"

"ஆமா..."

"ஐயையோ மேடம்! இருபது வருசமா இங்க கீறேன். வேணாம்னு சொன்ன ஆயா ஒருத்திய காட்டு பாப்போம்! அவ ஆயாவே இல்ல... புள்ள புடிக்கிறவ!"

தெய்வநாயகி வயர்லெஸ்ஸைப் பிடுங்கினார்.

நாற்பதாவது நிமிடம்...

திருக்கழுக்குன்றத்தில் மறித்த மாமல்லபுரம் பஸ்ஸில் நீலப் புடவை சிக்கியது! மடியில் குழந்தை... உயிரோடு!

ஆஸ்பத்திரிக்கே இழுத்து வந்தார்கள். ஜெனிஃபர் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள்.

தெய்வநாயகி சிரித்தார்.

"ஏண்டி, அந்த நூறு ரூபாய வாங்கியிருந்தா தப்பிச்சிருப்ப இல்ல?"

நீலப் புடவைக்காரி தலை குனிந்தாள்.

"புள்ளைய தூக்கினு போறப்ப பெத்தவ கையிலயே காசு வாங்க மனசு வரல மேடம்."

"அடேங்கப்பா, மனசு வேறயா! யாருடி பேசி விட்டது?"

அவள் விரல் நிமிர்ந்தது... கலைவாணனை நோக்கி!

"இந்தாளுக்கு மனசு வந்திச்சே! ரெண்டாவதும் பொண்ணு, எங்கன்னா தள்ளிடுன்னான். ரெண்டு லட்சம் வாங்கிகினான்!"

ஜெனிஃபரின் அழுகை சட்டென்று நின்றது.

"டேய்... பாவி!"

கலைவாணன் கதவை நோக்கிப் பாய்ந்தான். தனகோடி குறுக்கே காலை நீட்டினாள். குப்புற விழுந்தவனின் முன்பற்கள் இரண்டு தரையில் சிதறின!

தனகோடி உதட்டு ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்...

"பொட்டப் புள்ளன்னா எங்களுக்கு ஐந்நூறு தரவே மூக்கால அழுவானுங்க மேடம். அப்பன்காரன் மட்டும் நல்ல ரேட்டு பேசிகீறான்!"