பிளாஸ்டிக் உறை பிரிக்காத வண்டி

வண்டி கிளம்ப மறுத்தது. குணாளன் மறுபடியும் விசையை அழுத்தினான். கைப்பிடியில் பதித்திருந்த சவாரிமானி, கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் நீட்டுகிற குரலில் பேசியது: "வணக்கம். உங்கள் பேணுரிமை ரத்தாகியுள்ளது. சேவை நிலையத்தை அணுகவும்."

"எவன்டா ரத்து பண்ணது? ஞாயித்துக்கிழமை மலையேத்தப் பந்தயம்டா! என் வண்டியை நான் எடுக்க எவன்கிட்ட உத்தரவு கேக்கணும்?"

சேலத்தின் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டு வையாபுரி தன் வண்டிமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, காலங்காத்தால சத்தம்?"

அந்த ஆளைக் கண்டாலே குணாளனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜவுளிக்கடை ஆடிக் குலுக்கலில் பரிசாக விழுந்த பந்தய பைக். மனிதருக்குச் சைக்கிளே தள்ளாடும். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பூஜையன்று கட்டிய எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்துத் தொங்குகிறது. தினமும் துடைப்பார், மூடுவார். அவ்வளவுதான் அவர் சவாரி.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கூத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவனே குணாளன்தான். பந்தய வண்டிகளை ஒப்பிட்டுக் காணொளி போடுவது அவன் தொழில். எது வளைவில் நூல் பிடித்தாற்போல் போகும், எது சர்வீஸுக்கு விட்டால் சொத்தை எழுதி வாங்கும் என்று கிழிகிழியென்று கிழிப்பான். ஒருநாள் கொதித்துப்போய்க் கத்தினான்: "ஒரே வண்டி, ஒருத்தனுக்கு சர்வீஸ் செலவு கொஞ்சம், இன்னொருத்தனுக்கு மூணு மடங்கு! ஏன்? ஓட்டுறவனை அளந்து பாருங்கய்யா! வண்டியைப் பேணத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா வண்டி?"

ஊரே கைதட்டியது. கம்பெனிக்காரன் கைதட்டவில்லை, குறித்துக்கொண்டான். சீக்கிரமே புதுத் திட்டம் வந்தது. வண்டி கம்பெனிக்குச் சொந்தம்; கட்டணம் கட்டுகிறவருக்குப் பேணுரிமை மட்டும். சர்வீஸ் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. சவாரிமானி சாய்வு, பிரேக், கியர் எல்லாவற்றையும் அளக்கும். கையாளும் திறனையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்து ஓட்டுநருக்கு மதிப்பெண் போடும். சர்வீஸ் இலவசம் என்றதும் மற்றதை எவன் படித்தான்? முதல் கையெழுத்து குணாளனுடையது.

சேவை நிலைய மேலாளர் தமயந்தி அவனுக்கு நாற்காலி காட்டினாள். அவன் உட்காரவில்லை.

"ஏற்காட்டு வளைவுல என்னை மாதிரி சாய்க்க இந்த ஜில்லால ஆளு இருக்கா? சொல்லுங்க!"

"இல்லீங்க சார். கையாளுறதுல நீங்கதான் முதல். ஆனா மலை ஏறி இறங்குறதுல டயர், செயின், பிரேக் கட்டை எல்லாம் சீக்கிரம் போயிடுது. செலவுலயும் நீங்கதான் முதல்."

"ஓட்டுனா தேயத்தான்மா செய்யும்! தேயாம ஓட்ட நான் என்ன பேயா?"

"எனக்குப் புரியுதுங்க. சவாரிமானிக்குப் புரிய மாட்டேங்குது. செலவு குறையக் குறைய மதிப்பெண்ணை ஏத்துது. ஒருத்தர் செலவே வைக்கல. கீழே போட்டதில்லை, பிரேக்கைத் தேச்சதில்லை. அதனால அவர்தான் முதலிடம். உங்க வண்டியும் அவருக்கே ஒதுக்கியாச்சு. நான் எதிர்த்து எழுதுனேன் சார். 'மனித உணர்ச்சி'ன்னு தள்ளிடுச்சு."

"யார் அந்த ஓட்டுநர் திலகம்?"

அவள் தயங்கினாள். "உங்க தெருதாங்க. வையாபுரின்னு ஒருத்தர். பரிசு வண்டியை நம்ம திட்டத்துல சேத்துக்கிட்டவரு."

குணாளன் மேசையை ஓங்கி அறைந்தான். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம்.

அவனோடு முடியவில்லை. அந்த வாரமே அவன் கூட்டாளிகளின் வண்டிகளும் ஒவ்வொன்றாக மறுத்தன. ஒன்று, மாடிப்படி ஏற முடியாத ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுக்குப் போனது. இன்னொன்று, துபாயில் வேலை பார்ப்பவரின் பூட்டிய வீட்டுக்குப் போய்விட்டது. ஓட்ட ஆளில்லாமல் பந்தயத்தை ரத்து செய்தார்கள். கம்பெனி மட்டும் வெட்கமேயில்லாமல் விளம்பரம் செய்தது: 'உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் எங்களிடமே!'

ஞாயிற்றுக்கிழமை காலை குணாளன் வாசலில் தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தான். எதிரே வையாபுரி வீட்டில் இரண்டு தார்ப்பாய்கள். இரண்டாவதின் அடியில் அவன் வண்டியின் பின்சக்கரம் தெரிந்தது. வளைவுகளில் உரசி உரசி ஓரம் மழுங்கிப்போன டயர். எழுந்து தெருவைக் கடந்தான். வாழ்க்கையில் எவனிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"அண்ணே... ஒரே ஒரு ரவுண்டு குடுங்கண்ணே. அடிவாரம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

வையாபுரிக்கு உண்மையாகவே சங்கடமாக இருந்தது. "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீடியோ ஒண்ணு விடாம பாக்குறவன் நான். பேணத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா வண்டின்னு நீங்க கேட்டது அப்படியே மனசுல நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான் உறையைப் பிரிக்க வேண்டாம்னு முடிவு பண்ணேன். உங்க வண்டிக்கும் நேத்து ஒண்ணு வாங்கி மாட்டிட்டேனுங்க."

குணாளன் வாயைத் திறந்தான். திட்டுவதற்கு ஆள்தான் அகப்படவில்லை.

வையாபுரி தார்ப்பாயின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். அடியிலிருந்து சவாரிமானி பேசியது: "வாழ்த்துகள், வையாபுரி அவர்களே. இன்றும் மிகச் சிறப்பாக ஓட்டினீர்கள்."