ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு

காலை 10.10. பட்டறையில் புதுப்பித்து வைத்திருந்த எழுதுமேசையின் இடது இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பார்த்த, மேசைக்குச் சொந்தக்கார அம்மாளுக்கு முகம் வெளுத்துப்போனது.

"அடியில ரெண்டாவது பலகை ஒண்ணு உண்டு. அதுக்குள்ளதான் எங்கம்மாவோட வைரத் தோடு. பலகையையே காணோம்."

அவர் ஊரில் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் மேசையை அனுப்பிவிட்டாராம். பட்டறையில் இருவர்தான். மரவேலை அண்ணன், மெருகு தங்கை. நாற்பது வயதுத் தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

10.40. இன்ஸ்பெக்டரம்மா வந்தார்.

"கடைசியா டிராயரெல்லாம் யார் கையில இருந்தது?"

"என் கையிலதாங்க. பாலிஷ் போட்டு, நேத்து ராத்திரி காய வச்சுட்டுப் போனேன்."

அண்ணன் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "பாப்பா, எடுத்திருந்தா இப்பவே குடுத்துடு. நான் பேசி முடிச்சுடறேன்."

போலீஸ் வந்தபோதுகூட அவள் பதறவில்லை. இப்போது அவர் கையை உதறிவிட்டாள். பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்த அண்ணன் வாயிலிருந்தா இந்த வார்த்தை?

இன்ஸ்பெக்டரம்மா வலது இழுப்பறையை ஒரு விரலால் தொட்டார். கடகடவென்று ஓடிவந்தது. இடதை உள்ளே செருகி இழுத்தால் மல்லுக்கட்டியது. அதன் பக்கவாட்டில், பளபளக்கும் மெருகுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு பட்டை. அடியில் பென்சிலால் ஒரு கோடு. வலதின் அடியில் இரண்டு.

"பாலிஷுக்கு அப்புறம் யாரோ இழைச்சிருக்காங்க."

"நான்தான்," என்றார் அண்ணன். "காலையில மாட்டுனப்போ பிடிச்சுது. இவ பாலிஷைத் தடியாப் போட்டுட்டா."

"நான் என்னிக்கு தடியாப் போட்டேன்?"

"இருங்க. அம்மா, உங்க வீட்ல இருந்தப்ப இது இறுக்கிப் பிடிக்குமா?"

"முப்பது வருஷமா வழுக்கிட்டுப் போகும்."

"கோடு போட்டது?"

"நான்தாங்க," என்றார் அண்ணன். "இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ரெண்டு. கழட்டும்போதே போட்டுடுவேன்."

"அப்ப மேசை எப்படி இருந்தது?"

"கால் ஆடிச்சு, அதனால தலைகீழாக் கவிழ்த்து... அடிப்பக்கம் மேல வந்ததா, கோடு போட வசதியா..." அண்ணன் பேச்சை நிறுத்தி, இரண்டு இழுப்பறைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கவிழ்த்த மேசையில இடது எது, வலது எது?" இன்ஸ்பெக்டரம்மா சிரித்தார். "இந்த டிராயரோட அடிப்பலகை பழசு, ஆணியெல்லாம் துரு. யாரும் மாத்தலை. கையால செஞ்ச டிராயர், அதது அதனதன் பொந்துக்குத்தான் பொருந்தும். இடது வலதா, வலது இடதா இடம் மாறினதால ஒண்ணு பிடிச்சுது, ஒண்ணு ஆடுது."

வலது இழுப்பறையைக் கவிழ்த்து, அம்மாள் காட்டிய பின்மூலைத் துளையில் ஊக்கைக் குத்தினார். பலகை நகர்ந்தது. பஞ்சுக்குள் இரண்டு தோடும் பத்திரமாக இருந்தன.

11.20. அம்மாள் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாப்பாவும் அழுதாள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"குற்றவாளி உங்கண்ணன்தான். ஆயுதம் பென்சில்," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

அண்ணன் தலை நிமிரவில்லை. "பாப்பா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கூடாதுதான். ரெண்டு நாளைக்கு உன்கூடப் பேசமாட்டேன்."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவித் தன் காதில் செருகிக்கொண்டாள். இழைத்த இழுப்பறையை மடியில் வைத்து, வெள்ளைப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். பேசாத விரதம் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"இதுக்குத் திரும்பப் பாலிஷ் போடணும். தடியாவா, மெல்லிசாவா?"