லூர்தம்மாள் வைத்த விதை

விடிந்தும் விடியாததுமாக மாமனார் லாசர் ஒரு கட்டுக் கம்புக் கதிரைக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் போட்டார். ஒன்று முழ நீளம், ஒன்று விரல் நீளம், பாதி பதர். கூழ் துழாவிக்கொண்டிருந்த மூத்த மருமகள் லூர்தம்மாள் துடுப்பை வைத்துவிட்டு எழுந்தாள்.

"விதைப் பானையில இன்னா கலந்தே?"

"ஒண்ணும் கலக்கல மாமா..."

"போன வருசம் ரோஸி போட்டப்போ ஒரே மட்டமா ஆளுயரம் நின்னுச்சி. அதே கம்புதான? உன் கை பட்டதும் இப்படி ஆயிடுமா?"

விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் கொட்டி வாயைச் சாணியால் மெழுகுவது அந்த வீட்டில் மூத்த மருமகள் மட்டும்தான். பிள்ளை இல்லாத லூர்தம்மாளுக்கு, பதினான்கு வருடமாக அங்கே இருந்த ஒரே மரியாதை அது.

போன வருடம், அறுபத்தேழில், கொழுந்தன் மனைவி ரோஸி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒட்டு ரகக் கம்பு வாங்கி வந்து போட்டாள். வல்லக்கோட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். எல்லோரும் ரோஸியைத்தான் கேட்டார்கள். லூர்தம்மாளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் இருக்க அவள் என்ன கல்லா?

"ஆண்டவர் படைச்ச பயிருல மனுசன் பூந்து ஜோடி சேக்கறது பாவமில்லியா?" என்று அன்றைக்கு வாயை விட்டாள்.

"புள்ளைங்க வயிறு ரொம்புது, அதுவும் ஆண்டவர் குடுக்கறதுதான்க்கா" என்றாள் ரோஸி.

அந்தக் கம்பில் எடுத்து வைத்த விதைதான் இந்த வருடம் குடும்பத்து நிலம் முழுக்க.

"அன்னிக்கே பாவம்னு சொன்னவதான நீ..." என்றார் லாசர். "இனிமே பானையத் தொடாத. ரோஸி வெக்கட்டும்."

புருஷன் பெரியநாயகம் கூழ்ச்சட்டியை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. ரோஸி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம், ஊர் ஊராகப் போய் விவசாய யோசனை சொல்லும் கிராம சேவக் கன்னியப்பன் சைக்கிளில் வந்தார். கதிரைக் கையில் எடுத்ததுமே உச்சுக்கொட்டினார்.

"ஒட்டு ரகத்துல விதை எடுத்து வெச்சீங்களா? மறுபடி போட்டா தாத்தன் பாட்டி சாயலெல்லாம் தனித்தனியா பிரிஞ்சி வருமே. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் வாங்கணும்னு ரோஸியம்மாகிட்ட அப்பவே சொன்னேன்."

ரோஸி லூர்தம்மாளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொன்னாருக்கா... நான்தான் மறைச்சிட்டேன். ஊரே என்னப் பத்திப் பேசினாலும், மாமா உன் கையத்தான் ராசியான கைன்னு சொல்லிகினு இருந்தாரு. என் கம்பும் அந்தப் பானைக்குப் போவணும்னு இருந்துச்சி... பொறாமைக்கா. கெட்டுப்போவும்னு சத்தியமா நெனைக்கல. காலைல உன்னத் திட்டறப்பகூட பயத்துல வாயடைச்சி நின்னுட்டேன்."

லாசர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லூர்து... தப்பா பேசிட்டேம்மா. பானை உன்னுதுதான்."

அதோடு விட்டிருக்கலாம். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் லூர்தம்மாளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ரோஸியைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. பானைய மூடின அன்னிக்கு, எலி கடிச்ச பழைய கம்ப ஒரு பிடி அள்ளி உன் விதை மேல நீட்டிகினு நின்னேன். கலக்கல. ஆனா ரொம்ப நேரம் நின்னேன்."

ரோஸி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்க்கா கலக்கல?"

"உன் புள்ளைங்களும் அதத்தானடி திங்கணும்..."

ரோஸி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த பதினான்கு வருடத்தில், லூர்தம்மாள் எல்லோர் முன்னாலும் அழுதது அன்றைக்குத்தான்.