ஈரக் கூரை

"அப்பா...!"

மகளின் அலறலில் கார் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது.

ஸ்டியரிங் மேல் தலை கவிழ்ந்து கிடந்தார் அவர். முகம் மட்டும் உயிருள்ளவர் போலச் சிவந்திருந்தது. புகை நெடியில் தொண்டை கமறியது.

அறுபதுகளின் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். பெயிண்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை! அதன் மடக்குக் கேன்வாஸ் கூரை பின்னால் மடிந்து கிடந்தது.

"தற்கொலைம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "கதவைச் சாத்திட்டு இன்ஜினை ஓட விட்டிருக்கார். அந்தப் புகையே போதும்."

"எங்கப்பா என்னைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டார் சார்!"

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலில் புது பிளாஸ்டர்.

"அண்ணி போனதுலேருந்தே அண்ணன் உடைஞ்சுட்டார் சார்... காலையில மழையோட மழையா வந்து காரை உள்ள விட்டார். மதியம் வந்து பார்த்தா..."

"விரல்ல என்ன?"

"ஷெட் கதவுல நசுங்கிடுச்சு. பதட்டம்..."

"காரைத் தொட்டீங்களா?"

"சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன், அவ்வளவுதான்! இதை வித்துடலாம்னு சொன்னதுக்கே அடிக்க வந்தவர் சார்."

கூரையைத் தடவிய மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார்... மடிப்புக்குள்ள ஈரம்!"

"மழை பெஞ்சுதேம்மா."

"ஈரத்தோட அப்பா மடிக்கவே மாட்டார். பூஞ்சை பிடிக்கும்னு, காயுற வரைக்கும் பக்கத்துலயே காவல் இருப்பார்!"

சித்தப்பா உச்சுக்கொட்டினார்.

"சாகப்போறவர் பூஞ்சையைப் பத்தி யோசிப்பாராம்மா?"

இன்ஸ்பெக்டருக்கும் அது நியாயமாகவே பட்டது. பேனாவைத் திறந்தார்.

மகள் விடவில்லை. அழுதுகொண்டே கூரையைப் பிடித்து இழுத்தாள். இரும்புச் சட்டம் கிறீச்சிட்டு விரிந்தது.

"பாத்தும்மா, கை!"

"எனக்குப் பழக்கம் சார். பழகாதவங்க விரலைத்தான் இந்தக் கீல் நசுக்..."

வார்த்தை பாதியில் நின்றது.

கீல் இடுக்கில் ரத்தம். அதில் ஒட்டிக்கொண்டு... பாதி நகம்!

இரண்டே எட்டில் சித்தப்பாவை நெருங்கிய இன்ஸ்பெக்டர், பிளாஸ்டரை விருட்டென்று உரித்தார்.

மிச்சப் பாதி அங்கே இருந்தது.

"மயக்க மருந்து கொடுத்திருக்கீங்க. கூரை இருந்தா ஆளை உள்ள தூக்கிப் போட இடைஞ்சல்... அதான் ஈரத்தோடயே மடக்கிட்டீங்க!"

சித்தப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"காரை வித்துத் தொலை, என் கடன் அடையும்னு எத்தனை தடவை கெஞ்சினேன் சார்..."

மகள் அப்பாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

"நீயா போகலப்பா... நீயா போகல..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"விரலுக்கு நீங்களே போட்டுக்கிட்டீங்க... மணிக்கட்டுக்கு நான் போட்டு விடறேன்!"