தனக்கோடியின் வலது கால்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது எப்போது என்று தனக்கோடியால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பழைய பூஸ்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி மூலையில் போட்ட பிறகுதான் என்று சில நாள் தோன்றுகிறது. கார் வீட்டுக்கு வந்த அன்றே கேட்டதாகச் சில நாள் தோன்றுகிறது. உஸ் என்று, பல்லிடுக்கில் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போன்ற சத்தம். பூஸ்டரில் ஓட்டை விழுந்தால் அப்படித்தான் கேட்கும், இன்ஜின் காற்றை உறிஞ்சும் என்று அவள் கணவர் கலியபெருமாள் சொல்லியிருந்தார். அவள் கேட்டபோது இன்ஜின் ஓடவில்லை.

அவர் பஸ் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வெள்ளைக் காண்டெஸா காரைச் சிதம்பரத்தில் லோகநாயகி என்ற விதவையிடம் வாங்கினார். அடுத்த வாரம் அதே சிதம்பரத்தில் மகள் சுவாதிக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு அவளைக் கடலூருக்கு அழைத்துவர வேண்டும். அதற்குள் பிரேக் சரியாக வேண்டும்.

சாவி வாங்கிய அன்று அடுப்படியில் லோகநாயகி தனக்கோடியிடம் மட்டும் ஒன்று சொன்னாள். அவள் கணவர் சாமிக்கண்ணு இறந்தது இந்தக் காருக்கு அடியில். கைபிரேக் கம்பி அறுந்து, சரிவில் நின்றிருந்தது கார். அவர் அடியில் படுத்துக் கம்பியை மாற்ற, அவள் பிரேக்கை மிதித்துப் பிடித்திருந்தாள்.

"அவுரு கொரலுதாங்க. உடுன்னாரு, உட்டேன். யாரும் நம்பல."

செய்த பிழைக்கு மனசு தேடிக்கொண்ட காரணம் என்று தனக்கோடி நினைத்தாள். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நிறைமாதம் நெருங்கும் பெண் பஸ்ஸில் குலுங்கி வர வேண்டியிருக்கும்.

வளைகாப்புக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலு மணி இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு வாசலில் கார் வீட்டைப் பார்த்து நின்றது. வாசல் சிமெண்டுத் தரை கேட்டை நோக்கிச் சரியும் என்பதால் பின்சக்கரத்துக்கு ஒரு கல். புதுப் பூஸ்டர் மாட்டியாயிற்று; குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே சக்கரத்தருகே திருகாணியைத் திறந்து மூட, ஒருவர் மேலே மிதிக்க வேண்டும். திறந்து நின்ற பானெட் முன்கண்ணாடியை முழுக்க மறைத்திருந்தது. வெயிலில் காய்ந்த சீட்டின் ரெக்சின் வாசனையும், தெருவில் கரும்பு டிராக்டர் போன பின் காற்றில் தங்கிய இனிப்பும், காலடியிலிருந்து ஏறிய ஈர இரும்பு நெடியும் ஒன்றாகக் கலந்து அவளுக்குத் தலையைச் சுற்றியது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"புடி."

"புடிச்சிருக்கேன்."

"உடு."

இருபது தடவை, முப்பது தடவை. கொஞ்ச நேரத்தில் காதுக்கும் காலுக்கும் நடுவில் அவள் இல்லை. குரல் சொன்னது, கால் செய்தது. முன்சக்கரத்தருகே கேட்ட குரல் எப்போது அவள் சீட்டுக்கு நேர் கீழே வந்தது என்று அவள் கவனிக்கவில்லை.

"புடி" என்ற பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.  இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.  உஸ் என்று மட்டும் கேட்டது.

கேட் கிறீச்சிட்டது. அவள் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

கலியபெருமாள் மொபெட்டை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். கையில் புது பிரேக் ஆயில் டின்.

"இன்னுமா ஒக்காந்திருக்க? ஆயில் தீந்துடுச்சு, எறங்குன்னு சொல்லிட்டுத்தான போனேன். பொண்ணழைப்புக்கு ஒக்காந்த மாதிரி இருக்க."

அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. அவர் நேராகப் பின்சக்கரத்துக்குப் பின்னால் போய்க் குந்தினார். கல் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது.

"கால வச்சிருக்கல்ல?"

"ம்."

கல் சிமெண்டில் உரசி நகர்ந்தது.

சீட்டுக்கு அடியிலிருந்து அதே குரல். அவருடைய குரல்.

"உடு."

கால் எழுந்தது. அவள் எழுப்பவில்லை. பழகிவிட்டது. கார் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது.

"ஏய், அமுக்கு!"

"உடு."

"தனம், அமுக்கு!"

அமுக்கினாள். மிதி கல்லாகிவிட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று. இன்னொரு கால். குளிர்ந்த உள்ளங்கால். தள்ளியது. இரண்டு கையாலும் முட்டியை அழுத்தினாள். கண்ணாடியில் அவருடைய வழுக்கைத் தலை. பம்பருக்கு ஒரு சாண் கீழே.

"உட்டுடு, தனம்" என்றது சீட்டுக்கு அடியில் இருந்த குரல்.

அவள் விடவில்லை.

கல்லைத் திரும்ப வைத்துவிட்டு வந்து, அவள் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கித்தான் அவர் எடுக்க வேண்டியிருந்தது. அடியில் குனிந்து பார்த்தார். யாரும் இல்லை.

மறுநாள் அவர்கள் பஸ்ஸில் போனார்கள், மகளோடு பஸ்ஸிலேயே திரும்பினார்கள். சுவாதிக்குப் பையன் பிறந்தான். கார் நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனது. லோகநாயகி வீட்டைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டாள். கலியபெருமாள் நலமாக இருக்கிறார். வெக்கை தாளாமல் கூடத்துத் தரையில் படுத்துக்கொள்கிறார்.

தனக்கோடி உள்ளறைக் கட்டிலில் படுக்கிறாள். பக்கத்தில் பேரனின் தூளி. அவள் வலது கால் விடியும் வரை விறைத்து நீண்டு, கால்மாட்டுச் சுவரை மிதித்தபடியே இருக்கிறது. நரம்பு என்கிறார் டாக்டர். கூடத்தில் கணவரின் குறட்டை கேட்கிறது. கட்டிலுக்கு அடியில், அவர் குரலும் கேட்கிறது.