வெளுத்த முடிச்சு

ஐப்பசி பிறந்த அன்று காலை சௌந்தரவல்லியின் வயல் முழுக்க மஞ்சள் பாய்ந்திருந்தது. ஊரில் மற்ற வயல்களும் அப்படித்தான்.

அவள் ஒரு பயிரைப் பிடுங்கி வாய்க்காலில் வேரை அலசினாள். காற்றுநெல்லின் வேரில் முடிச்சுகளுக்குக் குறைவில்லை. முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும். பயிர் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். உளுந்தும் பயறும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் பழகிய உறவு இது. அதை நெல்லுக்குள் புகுத்தியிருந்தார்கள். இனி உரமே வேண்டாம் என்று போன வருடம் கடைசி யூரியா ஆலையையும் மூடிவிட்டார்கள்.

ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினாள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தது. முடிச்சுமானியில் வைத்தாள்.

"சர்க்கரை போகிறது, தழைச்சத்து வரவில்லை" என்றது கருவி. "வேலை செய்யாத முடிச்சுக்குப் பயிர் தீனியை நிறுத்திவிடும். இந்த மண்ணில் உரத்திலிருந்தே தழைச்சத்து கிடைத்ததால் பயிர் தீனியை நிறுத்தாமல் விட்டுவிட்டது. சோம்பேறிகளே பெருகிவிட்டன."

யார் போட்ட உரம் என்று அவள் கேட்கவில்லை. பக்கத்து வயல் ஒரு சாயல் கூடுதல் பச்சையாகத் தெரிந்தால் பொழுது சாயும்போது ஒரு கை யூரியா. பதினைந்து வருடமாக ஊரே அப்படித்தான்.

அவள் கணவனின் தம்பி மாசிலாமணி மட்டும் விதிவிலக்கு. விதைத்தால் சரி, அப்புறம் அறுப்புவரை வரப்பில் தூக்கம்தான்; உரத்தைத் தொடவே மாட்டான். அவன் வயல் மட்டும் பச்சையாக நின்றது.

கூடையோடு போனாள். அவன் வரப்பில் துண்டை விரித்துப் படுத்திருந்தான்.

"தம்பி, கொஞ்சம் மண்ணு வேணும்."

"தூங்குமூஞ்சி வயல் மண்ணா அண்ணி? தீட்டாயிடப் போவுது."

"கிண்டலுக்கு இதுவா நேரம்?"

"அள்ளிக்குங்க. உங்க வயலு எப்பப் பச்ச கட்டும்?"

"அடுத்த போகம்தான். இந்த மண்ணுல இருக்குற நல்லது பெருகி, கெட்டது சாவணும். அதுவரைக்கும் பயிரு பட்டினி கெடக்கணும். நடுவுல ஒரு கை உரம் விழுந்தாலும் இதுவும் கெட்டுப்போயிடும்."

குனிந்து அள்ளினாள். இடுப்பு வலித்தது. இந்தப் போகம் போனால் தைக்குப் பிறகு வீட்டில் அரிசி இல்லை.

மாசிலாமணி முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"அப்ப வைக்கப்போருக்கு அடியில அர மூட்ட யூரியா ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அத என்ன பண்ணப் போறீங்க அண்ணி?"